எஸ்.எல்.ஆரா, ஜி3யா? யாங்கோனிலிருந்து ஒரு பதில்

போன மாதம் டொரொன்டோவிலிருந்து அக்கா மகன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பதினைந்து வயசு. தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போதுதான் பாதி இங்கிலீஷ் வந்துவிடும். "மாமா, எஸ்.எல்.ஆர். பெஸ்ட்டா, ஜி3 பெஸ்ட்டா? நீங்க இன்ஜினியர்தானே, கரெக்டா சொல்லுங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெட் கட்டியிருக்கேன்."

நான் சாஃப்ட்வேர் ஆள். யாங்கோனில் வங்கிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை. துப்பாக்கிக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பெரியப்பா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அக்காவைக் கட்டிய அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். 1987-ல் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியபோது அவருக்கு எட்டு வயசு. நான் 2019-ல் இந்த ஊருக்கு வந்தேன். 2021 பிப்ரவரிக்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்குத் தெரு முழுக்கத் தட்டு, சட்டி, பானை எல்லாவற்றையும் தட்டி எதிர்ப்பைக் காட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் வேறு சத்தம் கேட்கும்.

ஆகவே பையனின் கேள்விக்கு ஒழுங்காகவே பதில் சொல்வோம் என்று உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது இவ்வளவு நீளமாகிவிட்டது. இங்கே குடியிருந்துகொண்டு எழுதுவதால் சில விஷயங்களைத் தொடவில்லை. அதைப் புரிந்துகொள்வீர்கள்.

முதலில் அவன் விளையாடும் பப்ஜியிலிருந்தே தொடங்கினேன். அதில் ஏ.கே.எம். துப்பாக்கிக்கும் எஸ்.எல்.ஆருக்கும் ஒரே குண்டு. இரண்டுக்கும் 7.62 என்று போட்டிருக்கும், எடுத்துப் போட்டுக்கொண்டே போகலாம். நிஜத்தில் அது நடக்காது. 7.62 மில்லிமீட்டர் என்பது குண்டின் விட்டம் மட்டும்தான். அதற்குப் பின்னால் மருந்து அடைத்த பித்தளைக் கூட்டின் நீளம் ஏ.கே.வுக்கு 39 மி.மீ., எஸ்.எல்.ஆருக்கும் ஜி3க்கும் 51 மி.மீ. இந்தப் 12 மில்லிமீட்டர்தான் எல்லா வித்தியாசமும். ஏ.கே. குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது அதன் ஆற்றல் சுமார் 2,000 ஜூல். 51 மி.மீ. தோட்டாவில் அது சுமார் 3,300. வேகம் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல். மரக்கதவு, தகரம், கார் கதவு எதுவும் இதற்கு ஒரு தடையே கிடையாது.

1954-ல் நேட்டோ நாடுகள் இந்தத் தோட்டாவைப் பொதுவாக ஏற்றுக்கொண்டன. பிரிட்டிஷ்காரர்கள் சிறிய தோட்டா போதும் என்றார்கள். அமெரிக்கா விடவில்லை, முழு பலம் உள்ளதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எல்லோர் தலையிலும் கட்டியது. வேடிக்கை என்னவென்றால், பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே அமெரிக்காவே எம்16 துப்பாக்கிக்கும் 5.56 மி.மீ. சின்னத் தோட்டாவுக்கும் மாறிவிட்டது. மற்ற நாடுகள் பெரிய தோட்டாவைச் சுமந்துகொண்டு நின்றன. சுமந்து என்று சும்மா சொல்லவில்லை. ஒரு தோட்டா சுமார் 24 கிராம். நூறு எடுத்தால் 2.4 கிலோ. அதே கனத்தில் சின்னத் தோட்டா இருநூறு கொண்டு போகலாம்.

இந்தத் தோட்டாவுக்கு உலகத்தில் முக்கியமாக நாலு வகைத் துப்பாக்கி வந்தன. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல்., ஜெர்மனியின் ஜி3, அமெரிக்காவின் எம்14, ஏ.ஆர்.10. கடைசி இரண்டும் எங்கள் கதைக்கு அவ்வளவாகத் தேவையில்லை. பையனுக்கு மட்டும் ஒரு தகவல்: நீ இருக்கும் கனடாவில் எம்14, ஏ.ஆர்.10 இரண்டும் 2020 மே 1-ம் தேதி தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆகவே கேமோடு நிறுத்திக்கொள்.

எஸ்.எல்.ஆர். என்பது எஃப்.ஏ.எல்.லின் பிரிட்டிஷ் பிறவி. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், ஆனால் விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டுதான். தொடர்ந்து சுடும் வசதியை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். இவ்வளவு பலமான தோட்டாவைத் தோளில் வைத்துத் தொடர்ந்து சுட்டால் மூன்றாவது குண்டு வானத்துக்குப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்கும்கூட. 1982 ஃபாக்லாந்து சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே குடும்பத் துப்பாக்கி. அர்ஜென்டினாக்காரன் கையில் தொடர்ந்து சுடும் எஃப்.ஏ.எல்., பிரிட்டிஷ்காரன் கையில் ஒவ்வொன்றாகச் சுடும் எஸ்.எல்.ஆர். ஜெயித்தது யார் என்று தெரியும். அதற்குத் துப்பாக்கிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தியாவுக்கு இது வந்தது 1962 சீனப் போரில் பட்ட அடியால். அப்போது நம் சிப்பாய்கள் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் பழைய .303. போர் முடிந்ததும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் எஸ்.எல்.ஆர். செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு முப்பது வருஷம் இந்திய ராணுவம் என்றாலே அந்தத் துப்பாக்கிதான். பழைய தமிழ்ப் படங்களில் ராணுவ வீரர் தோளில் நீளமாகத் தொங்குமே, அது. நீளம் 1.14 மீட்டர், காலியாகவே கனம் 4.3 கிலோவுக்கு மேல்.

பெரியப்பா வேலை பார்த்த திருச்சியில் பிற்பாடு செய்தது இன்சாஸ், அப்புறம் திருச்சி அசால்ட் ரைஃபிள். ஆனாலும் அவருக்கு எஸ்.எல்.ஆர். மேல்தான் மரியாதை. போன் போட்டுக் கேட்டேன். எண்பது வயசுக்கு அந்தக் குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"அதோட உடம்பு இருக்கே, ஒரே கட்டி இரும்புடா தம்பி. அடிச்சு வார்த்த கட்டியை மில்லிங்ல போட்டு சீவிக்கிட்டே இருக்கணும். பாதிக்கு மேல சீவலா கீழ விழுந்துரும். எத்தனை ஆபரேஷன், எத்தனை ஜிக், எத்தனை கேஜ்! ஒரு ஆள் தூங்கினா மொத்த பீசும் ஸ்கிராப்."

"ஜி3?" என்றேன்.

"அது தகடுடா. தகட்டை பிரஸ்ல அமுக்கி, மடிச்சு, வெல்டு வச்சுட்டா உடம்பு ரெடி. பேரலும் போல்ட்டும்தான் ஒழுங்கா செய்யணும். ஜெர்மன்காரன் புத்திசாலி."

நான் படித்த எந்த ஒப்பீட்டுக் கட்டுரையையும்விட இந்த இரண்டு பதில்கள் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. எடை, நீளம், குறி தவறாமை என்று இணையத்தில் ஆயிரம் பேர் சண்டை போடுகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தொழிற்சாலைக்குள்ளேதான் இருக்கிறது.

ஜி3யின் பிறப்புக் கதையே ஒரு லைசென்ஸ் தகராறு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி ராணுவம் மறுபடி உருவானபோது அவர்கள் முதலில் வாங்கியது பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல்.தான். ஜி1 என்று பெயர் வைத்தார்கள். எங்கள் நாட்டிலேயே செய்துகொள்கிறோம், லைசென்ஸ் கொடுங்கள் என்று கேட்டபோது பெல்ஜியம் கொடுக்கவில்லை. ஒரே தலைமுறையில் இரண்டு தடவை ஜெர்மன் ராணுவம் நாட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். உடனே ஜெர்மனி ஸ்பெயின் பக்கம் திரும்பியது. போர் முடிந்ததும் மவுசர் கம்பெனியின் இன்ஜினியர்கள் சிலர் அங்கே போய், ஹிட்லர் காலத்தின் கடைசி மாதங்களில் தொடங்கிய ஒரு வடிவமைப்பை வளர்த்திருந்தார்கள். தகட்டில் செய்வது, உள்ளே இரண்டு சின்ன உருளைகள் போல்ட்டைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். எஸ்.எல்.ஆரில் வருவதுபோல வாயுக்குழாய், பிஸ்டன் எதுவும் கிடையாது. குண்டுத் தட்டுப்பாடும் இரும்புத் தட்டுப்பாடும் இருந்த நாட்டில், மலிவாக, வேகமாகச் செய்ய யோசித்த துப்பாக்கி. அதுவே 1959-ல் ஜி3 ஆனது.

மலிவாகச் செய்யலாம் என்பதால் ஏற்றுமதிக்கும் தோதானது. துப்பாக்கியை விற்பதைவிட தொழிற்சாலையையே விற்பது லாபம். பாகிஸ்தானின் வா நகரில், ஈரானில், துருக்கியில், போர்ச்சுகலில், கிரீஸில் ஜி3 தயாரானது. எல்லைக்கு இந்தப் பக்கம் இச்சாப்பூர் எஸ்.எல்.ஆர்., அந்தப் பக்கம் வா ஜி3. உள்ளே போடும் தோட்டா ஒன்றே.

பர்மாவிலும் தயாரானது. ஃபிரிட்ஸ் வெர்னர் என்ற மேற்கு ஜெர்மனி கம்பெனி, அந்த நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமானது, 1950களிலேயே ரங்கூனுக்கு வந்துவிட்டது. ஜெனரல் நே வின்னுக்கும் அவர்களுக்கும் நல்ல நெருக்கம். 1962-ல் அவர் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள், நிறுவனங்கள் எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கி நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கட்டிய துணியோடு கப்பல் ஏறக் காரணமானார். வெளிநாட்டுக்காரர் எவரும் இங்கே வியாபாரம் செய்யக் கூடாது என்று கதவைச் சாத்திய அதே அரசு, துப்பாக்கித் தொழிற்சாலைக்கு மட்டும் ஜெர்மன் மெஷின்களையும் ஆட்களையும் விட்டது. உள்ளூரில் செய்த ஜி3க்கு பி.ஏ.63 என்று பெயர். ஆனால் இன்றைக்கும் பர்மாக்காரர்கள் ஜி-த்ரீ என்றுதான் சொல்வார்கள்.

சரி, பையன் கேட்ட கேள்வி. தோளில் வைத்துச் சுடுபவனுக்கு எது நல்லது?

எஸ்.எல்.ஆர். கொஞ்சம் இதமாக உதைக்கும், விசை மென்மை, தரையில் படுத்துச் சுட சுகம் என்பார்கள். வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு உண்டு. அழுக்குப் பட்டாலும் சமாளிக்கலாம், ஆனால் மணல் மட்டும் ஆகாது. ஜி3 விசை கனம், உதை கடுமை, கடைசிக் குண்டு தீர்ந்தாலும் போல்ட் திறந்து நின்று காட்டாது, கூட்டைத் தூர வீசி எறியும். ஆனால் கழுவித் துடைக்க எளிது, பராமரிப்புக் குறைவு, விலையும் குறைவு. இன்ஜினியராக மார்க் போடச் சொன்னால், சுடுபவனுக்கு எஸ்.எல்.ஆர்., செய்பவனுக்கு ஜி3. பெட்டில் யார் ஜெயித்தது என்று நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், மென்பொருள் ஆட்களுக்குப் பிடிக்கும். எஃப்.ஏ.எல். வரைபடத்தை பெல்ஜியம் மெட்ரிக் அளவில் போட்டது. பிரிட்டன் அதை இஞ்சுக்கு மாற்றியது. விளைவு, ஒன்றின் மேகசின் மற்றதில் சரியாக உட்காராது. எல்லா நாடும் ஒரே தோட்டா என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு மேகசினில் கோட்டை விட்டார்கள். நாங்கள் வங்கிகளுக்கு இடையே டேட்டா அனுப்பும்போது படும் பாடு இதேதான்.

இனி, சுடப்படுகிற பக்கம். இதைத்தான் யூட்யூப் ஒப்பீடுகளில் காட்டுவதில்லை.

அனவ்ரதா சாலையில் காளி கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் ஒரு டீக்கடையில் உட்காருவது வழக்கம். அங்கே வரும் பெரியவர் ஒருவர், தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், தமிழை பர்மிய ராகத்தில் பேசுவார். ஒருநாள் பேச்சு 1988-க்குப் போனது. அப்போது அவருக்கு இருபது வயசு. ஆகஸ்ட் 8-ம் தேதி ஊரே தெருவில் இறங்கியது, அன்று ராத்திரியே ராணுவம் சுட ஆரம்பித்தது. அடிபட்டவர்களை எல்லாம் ரங்கூன் பொது மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். போக்யோக் சாலையில் இன்றும் அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் நிற்கிறது. 10-ம் தேதி அங்கேயே வந்து சிப்பாய்கள் சுட்டார்கள். சுடாதீர்கள் என்று கேட்டு நின்ற நர்ஸுகளே குண்டடி பட்டார்கள். "ஜி-த்ரீ சத்தம் தெரியுமா தம்பி? நெஞ்சுல வந்து அடிக்கும். காது அப்புறம்தான் கேக்கும்" என்றார் பெரியவர். டீ ஆறிப்போயிருந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் பேசினேன். வழக்கமாக இந்தப் பேச்சை எடுத்தால் வேறு எதையாவது கேட்டு மாற்றிவிடுவார். மகன் துப்பாக்கி பெட் கட்டியிருக்கிறான் என்று சொன்னதும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "ஏ.கே. எண்டா படபடவெண்டு வரும். எஸ்.எல்.ஆர். ஒண்டொண்டாத்தான் வரும். ஒண்டு, பிறகு ஒண்டு. பங்கருக்குள்ள இருந்து எண்ணிக்கொண்டிருப்பம். ஆமிக்காரன்ரை எது, பெடியள்ரை எது எண்டு எங்களுக்குச் சத்தத்திலேயே தெரியும்" என்றார். எட்டு வயசில் அவர் கற்ற பாடம்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்தது. டாக்டர்கள், நர்ஸுகள், ஊழியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள், அதனால் சுட்டோம் என்பது இந்தியத் தரப்பு விளக்கம். உயிரோடு வந்த ஊழியர்கள் சொன்ன கதை வேறு. அமைதிப்படைச் சிப்பாயின் வழக்கமான துப்பாக்கி அன்று எஸ்.எல்.ஆர்.

1987 அக்டோபர் யாழ்ப்பாணம், 1988 ஆகஸ்ட் ரங்கூன். நடுவே பத்து மாதம்கூட இல்லை. இரண்டு ஊரிலும் தமிழர்கள் உண்டு, இரண்டும் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டிலும் நர்ஸுகள். ஒன்றில் கட்டி இரும்பைக் குடைந்து செய்த துப்பாக்கி, இன்னொன்றில் தகட்டை மடித்துச் செய்த துப்பாக்கி. அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு மார்க் போட எதுவும் மிஞ்சவில்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் எஸ்.எல்.ஆர். செய்தவரில்லை, இச்சாப்பூர் வேறு, திருச்சி வேறு என்று எனக்கு நானே வக்கீல் வாதம் பண்ணிக்கொண்டேன். கடைசியில் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக அவர் தன் கைவேலையைப் பெருமையாக நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ராணுவம் ஒரு துப்பாக்கியை விட்டுவிட்டால் அது உருக்காலைக்குப் போகாது, போலீஸுக்குப் போகும். இந்தியாவில் இன்சாஸ் வந்ததும் எஸ்.எல்.ஆர்.கள் மாநிலப் போலீஸிடம் வந்து சேர்ந்தன. 2018 மே 22, தூத்துக்குடி. மஞ்சள் பனியன் போட்ட காவலர் ஒருவர் வேன் மேல் ஏறி நின்று நீளத் துப்பாக்கியால் குறி பார்த்த வீடியோவை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். எஸ்.எல்.ஆர். என்று அப்போதே செய்திகளில் வந்தது. 13 பேர் செத்தார்கள். 600 மீட்டர் தள்ளி நிற்கும் எதிரிச் சிப்பாயை வீழ்த்த வடிவமைத்த ஆயுதம் அது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடிய கூட்டத்துக்கு முன்னால் அதற்கு என்ன வேலை? கூட்டத்தைக் கலைக்கும் போலீஸிடம் முழு பலத் தோட்டா போடும் துப்பாக்கி இருக்கவே கூடாது என்பது என் கட்சி. அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆட்கள் மேல் நடவடிக்கை சரி. எந்த ஆயுதத்தை எந்த வேலைக்குக் கொடுப்பது என்ற கேள்வியை நம் சட்டசபையில் யாராவது விடாமல் கேட்க வேண்டும்.

இந்திய ராணுவம் இப்போது மறுபடி அதே 51 மி.மீ. தோட்டாவுக்குத் திரும்பியிருக்கிறது என்பது தனிக் கதை. 2019-ல் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மேலே நாலாவதாகச் சொன்னேனே, ஏ.ஆர்.10, அந்த வம்சம்தான். இன்சாஸ் ஏற்கெனவே போலீஸுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இவையும் வரும்.

இதையெல்லாம் வெளிநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் நம்மிடம் ஏன் சொல்கிறேன் என்றால், துப்பாக்கி செய்யும் வேலை நம் மேஜைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது.

மியான்மர் ராணுவம் இன்று அதிகம் வைத்திருப்பது எம்.ஏ. வரிசை, இஸ்ரேலின் கலீல் மாதிரியில் உள்ளூரில் செய்வது. ஜி3 பழசாகிவிட்டாலும் எல்லைப் பக்கம் எல்லாத் தரப்பின் கையிலும் இன்னும் பார்க்கலாம். இந்தத் தொழிற்சாலைகளைப் பற்றி, ஐ.நா.வில் முன்பு பணியாற்றிய மூன்று நிபுணர்கள் அமைத்த மியான்மருக்கான சிறப்பு ஆலோசனைக் குழு 2023 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. 13 நாடுகளின் கம்பெனிகள் வழியாக மூலப்பொருள், மெஷின், உதிரி பாகம் எல்லாம் போகின்றன. அந்தப் பட்டியலில் இந்தியாவும் சிங்கப்பூரும் உண்டு. குழல் செய்யும் மெஷின் ஆஸ்திரியாவில் செய்தது. ரிப்பேர் என்றால் அதைக் கப்பலில் ஏற்றித் தைவானுக்குக் கொண்டுபோய் சரி பண்ணித் திரும்பக் கொண்டு வருகிறார்களாம். வடிவமைப்புக்கு நாம் காலேஜில் படித்த மாதிரி மென்பொருள்களே.

மெஷினுக்கு ஒரு கன்ட்ரோலர், அதற்கு ஒரு சாஃப்ட்வேர், சாஃப்ட்வேருக்கு ஒரு லைசென்ஸ், லைசென்ஸுக்கு ஒரு சப்போர்ட் டிக்கெட். அந்த டிக்கெட் எங்கே வந்து விழும்? கோயம்புத்தூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஸ்டுட்கார்ட்டிலோ ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன்னால். அவர் நம் பக்கத்து வீட்டுப் பையனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரியப்பாவுக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். இந்தப் பையனுக்கு வாடிக்கையாளர் எண் மட்டும்தான் தெரியும்.

கேட்டால் ஏதாவது நடக்குமா என்பீர்கள். நடந்திருக்கிறது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டார். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மர் ராணுவத்துக்கு 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதமும் அது சார்ந்த பொருளும் போயிருந்தன. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூர்க் கம்பெனிகள் வழியாக 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. சிங்கப்பூர் அரசு விசாரணை ஆரம்பித்தது. அடுத்த வருஷ அறிக்கையில் சிங்கப்பூர் வழியாகப் போனது ஆண்டுக்கு 11 கோடியிலிருந்து ஒரு கோடி டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. தாய்லாந்து வழி இரண்டு மடங்காகக் கூடியது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் பத்தில் ஒன்பது பங்கு ஒரே வருஷத்தில் நின்றது, ஒருவர் பில்களை எல்லாம் தேடி எடுத்து நாட்டின் பெயரைப் போட்டு வெளியிட்டதால்.

இந்தியாவின் 5.1 கோடியில் அரசாங்கக் கம்பெனிகளின் பங்கும் இருக்கிறது. தூத்துக்குடிக்காகவும் யாழ்ப்பாணத்துக்காகவும் கூட்டம் போடும் நம் சங்கங்கள், சங்கத் தலைவர்கள், இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பர்மாத் தமிழரைப் பற்றிப் பேச்சு வந்தால் 1964 அகதிக் கப்பலோடும் பர்மா பஜாரோடும் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே இன்னும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, தீமிதி நடக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கும் இப்போது அழைப்பு வருகிறது.

2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27. டாக்டர், இன்ஜினியர் மாதிரித் தொழில் தெரிந்த ஆண்கள் என்றால் 45 வரை. முதலில் சொன்ன கணக்கு ஒரு தொகுதிக்கு 5,000 பேர். அந்த மே மாதமே ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கொடுப்பதையும் நிறுத்தினார்கள்.

எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் டீமில் ஒரு பையன் இருந்தான். 23 வயசு, தமிழ்க் குடும்பம், வீட்டில் தமிழ், வெளியே பர்மியம், எங்களோடு இங்கிலீஷ். ஐம்பது கிலோ தேறினால் அதிகம். வார்டு ஆபீஸில் குலுக்கல் என்று சொன்ன வாரம் மதியம் சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, அந்தத் துப்பாக்கி எவ்வளவு கனம் இருக்கும்?"

எனக்கு அப்போது தெரியவில்லை. தேடிப் பார்த்து அடுத்த நாள் சொன்னேன், பழசு என்றால் நாலு கிலோ நானூறு கிராம், தோட்டா தனி. அவன் தன் லேப்டாப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிப் பார்த்தான். அதில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். மூன்று கிலோ இருக்கும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் வேலைக்கு வரவில்லை. ஆர்மிக்கா, அந்தப் பக்கம் காட்டுக்கா, தாய்லாந்துக்கா என்று ஆபீஸில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கே அப்படிக் கேட்பது நல்ல பழக்கமில்லை. அவனுடைய லாகினை மூடச் சொல்லி எச்.ஆர். போட்ட டிக்கெட் என் பெயரில்தான் வந்தது. இன்னும் மூடவில்லை.